வாசலில் விழாத பேப்பருக்கு 999 ரூபாய்

ஓர் ஆங்கில நாளிதழின் ஆன்லைன் சந்தாவைக் காசு கட்டி வாங்கி ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னும் பதினோரு நாள் பாக்கி. "வாங்கலாமா அண்ணே?" என்று கடைக்கு வரும் இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பத்திரிகையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறை சொல்லும்போது ஒருவரை மட்டும் நிறுத்தி வைத்துச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

என் தகுதியையும் சொல்லிவிடுகிறேன். இப்போது கோவில்பட்டியில் ஜெராக்ஸ் கடை. அதற்கு வெகு காலம் முன்னால், ஒன்பதாம் வகுப்பிலிருந்து நாலு வருடம், பேப்பர் போட்டவன். விடியற்காலை நாலரைக்கு பஸ் ஸ்டாண்டில் கட்டு இறங்கும். கயிற்றை அறுத்து, இணைப்பைச் செருகி, சைக்கிள் கேரியரில் அடுக்கினால் புதுரோட்டிலிருந்து எட்டயபுரம் ரோடு வரை என் லைன். 84 வீடு. போடுவது சுலபம். மாசம் பிறந்ததும் சாயங்காலம் சீட்டை எடுத்துக்கொண்டு அதே வீடுகளில் காசு வாங்கப் போவதுதான் வேலை. "நாளைக்கு வா தம்பி" என்பதை என்னளவுக்குக் கேட்டவன் ஊரில் இருக்க மாட்டான். அதனால் ஆன்லைனில் செய்தி படிக்கக் காசு கேட்பது நியாயமா என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். செய்திக்கு எப்போது காசு கேட்காமல் இருந்தார்கள்? இடையில் ஒரு இருபது வருடம் இணையத்தில் சும்மா கொடுத்துப் பழக்கிவிட்டார்கள், அவ்வளவுதான்.

நாம் கொடுத்த காசு தாளுக்கும் மைக்கும் கூடப் போதாது என்பதும் உண்மை. மீதியை விளம்பரம் கட்டியது. துணிக்கடையும் நகைக்கடையும் முழுப் பக்கம் வாங்கியதால்தான் நமக்கு அந்த விலைக்குப் பேப்பர் கிடைத்தது. வாசகர்கள் போனுக்குப் போனபோது அந்த விளம்பரக் காசும் கூடவே போனது. போன இடம்தான் வேறு. பெரும்பகுதி கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போய்விட்டது. பத்திரிகைகள் திரும்பி நம் வாசலுக்கு வந்து நிற்பது அதனால்தான்.

சரி, நான் எதற்காக வாங்கினேன்? ஒரே ஒரு கட்டுரைக்காக. 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டரை இறக்குமதி செய்யக் கூடாது என்று 2023 ஜூனில் தடை வந்தது. தீப்பெட்டி ஊரான எங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. என் மச்சானே தீப்பெட்டி ஆபீஸில்தான் இருக்கிறான். தடை வந்த பிறகும் பெட்டிக்கடையில் லைட்டர் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அது எப்படி என்று ஒரு நிருபர் எழுதியிருந்தார். முழு லைட்டராக வராமல் உதிரி பாகமாக வந்து இங்கே பூட்டப்படுகிறது என்று ஆரம்பித்து நாலாவது பத்திக்கு வரும்போது எழுத்து மங்க ஆரம்பித்தது. அந்தப் பத்தியின் கடைசி வரி பாதி தெரிகிறது, பாதி வெள்ளைக்குள் போய்விட்டது. கீழே ஒரு பெட்டி: தொடர்ந்து படிக்க, வருடம் 999 ரூபாய். மச்சானுக்கு அனுப்பினால் அவனுக்கும் அதே வெள்ளை. ராத்திரி பதினொரு மணிக்குக் கட்டினேன்.

கட்டியதும் வந்த பில்லைப் பாருங்கள். 846 ரூபாய்ச் சொச்சம்தான் விலை, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 999-ல் 152 ரூபாய்ச் சொச்சம் வரிக்கே போய்விடுகிறது. அதே செய்தி தாளில் அச்சாகி வாசலில் விழுந்தால் ஜிஎஸ்டி கிடையாது.

அந்தக் கட்டுரை காசுக்குத் தகுமா என்றால், தகும். ஒரு ஆள் பஸ் ஏறிப் போய், நாலு குடோனைப் பார்த்து, பேச மறுத்தவரிடமும் பேசி எழுதியது தெரிந்தது. இந்த ஒரு வருடத்தில் அப்படி மனதில் நின்றது மொத்தம் ஒன்பதோ பத்தோ இருக்கும். மற்றதெல்லாம் எங்கேயும் சும்மா கிடைப்பதுதான். முதல்வர் எங்கே போனார், தங்கம் என்ன விலை, யார் எத்தனை ரன். இதையும் காசு கட்டினால்தான் திறக்கும் சுவருக்குப் பின்னால் வைத்து எதற்குப் பூட்டுகிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.

இதில் எனக்கு ஒரு பழைய பாடம் உண்டு. அப்போதெல்லாம் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் பேப்பரில்தான் வரும். பெயர் இருக்காது, மார்க் இருக்காது. பாஸானவர்களின் நம்பர் மட்டும் பொடி எழுத்தில் வரிசையாக. அன்றைக்குக் கட்டு இறங்கும் முன்பே கூட்டம் நிற்கும். சில்லறை கேட்க மாட்டார்கள், நாளைக்கு வா என்று சொல்ல மாட்டார்கள். ஏஜென்ட் அண்ணாச்சி அன்றைக்கு மட்டும் ரிட்டர்ன் கணக்கே எழுத மாட்டார், ஒரு பேப்பர் மிஞ்சாது. 1993-ல் என் பத்தாம் வகுப்பு நம்பரை நானே அறுத்த கட்டில், நானே மடித்துக்கொண்டிருந்த பேப்பரில் தேடிக் கண்டுபிடித்தேன். வேறெங்கும் கிடைக்காததற்கு ஊரே காசு கொடுக்கும். இன்றைக்கு அதே ரிசல்ட் போனில் சும்மா வருகிறது. அதற்கு ஒரு ரூபாய் கேட்டால் கூட அடிக்க வருவார்கள்.

வெளிநாட்டுப் பத்திரிகைகள் இதைக் கையைச் சுட்டுக்கொண்டுதான் கற்றிருக்கின்றன. நியூயார்க் டைம்ஸ் 2005-ல் தன் பத்தி எழுத்தாளர்களை மட்டும் காசுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தது. இரண்டே வருடத்தில் கைவிட்டது. 2011-ல் வேறு மாதிரி வந்தார்கள்: மாதம் 20 கட்டுரை சும்மா, அதற்கு மேல் என்றால் காசு. அடுத்த வருடமே இருபதைப் பத்தாக்கினார்கள். 2023 கடைசியில் அவர்களுக்கு ஒரு கோடிக்கு மேல் சந்தாதாரர்கள். ஆனால் அத்தனை பேரும் செய்திக்காகக் கட்டுகிறார்கள் என்று நினைத்தால் ஏமாந்துவிடுவோம். சமையல் குறிப்பு இருக்கிறது, குறுக்கெழுத்து இருக்கிறது, 2022-ல் வேர்டில் (Wordle) என்ற வார்த்தை விளையாட்டையே விலைக்கு வாங்கினார்கள். இங்கே ஞாயிற்றுக்கிழமை இணைப்புக்காகவே பேப்பர் வாங்கிய வீடுகளை நான் பார்த்தவன் என்பதால் இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. லண்டனில் தி சன் 2013-ல் சுவர் எழுப்பி 2015-ல் இடித்துவிட்டது. அது கிசுகிசுவும் கால்பந்தும் நிறைந்த பேப்பர். பக்கத்துக் கடையில் சும்மா கிடைக்கும் சரக்கு. கார்டியன் சுவரே கட்டவில்லை. கட்டுரையின் கடைசியில் முடிந்தால் கொடுங்கள் என்று கேட்கிறது, அவ்வளவுதான். கோயில் உண்டியல் மாதிரி. ஆனால் அதற்குப் பின்னால் 1936-லிருந்து ஓர் அறக்கட்டளை இருக்கிறது. எல்லாரும் அப்படிச் செய்ய முடியாது.

இனி குறைகளுக்கு வருகிறேன்.

காசு கட்டிய பிறகும் விளம்பரம் வருகிறது. பேப்பரிலும் வந்ததே என்பீர்கள். பேப்பரில் வந்த விளம்பரம் இருந்த இடத்தில் இருந்தது. இது நான் படிக்கும் பத்தியைக் கீழே தள்ளிவிட்டு நடுவில் வந்து உட்காருகிறது. மூடுவதற்கான பெருக்கல் குறி கடுகு அளவு. என் விரலுக்கு மூன்றில் ஒரு தடவைதான் அது சிக்கும், மற்ற இரண்டு தடவை விளம்பரமே திறந்துவிடும்.

இ-பேப்பர் என்று அப்படியே அச்சுப் பக்கத்தையும் தருகிறார்கள். கம்ப்யூட்டரில் நன்றாக இருக்கிறது. போனில், இரண்டு விரலால் பெரிதாக்கி ஒரு பத்தியைப் படித்துவிட்டு பக்கத்துப் பத்தியின் உச்சிக்குப் போனால் நான் எங்கே இருக்கிறேன் என்றே தெரியாது. மழைக்காலத்தில் முகத்தை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு தெருவைப் பார்ப்பது போல ஒரு சின்ன வட்டம்தான் தெரியும்.

பகிர முடியாது என்பது அடுத்தது. ஒரு பேப்பரை எத்தனை பேர் படித்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சலூனில் ஒரு பேப்பர் வாங்கினால் முடி வெட்ட வந்தவன், வராதவன் எல்லாரும் பக்கம் பக்கமாகப் பிரித்துப் படிப்பார்கள். சலூன்காரர் காசு கொடுத்துவிட்டார், கதை முடிந்தது. என் சந்தாவில் இரண்டு கருவிதான் அனுமதி. கடைக் கம்ப்யூட்டரில் திறந்தால் வீட்டில் மகள் படித்துக்கொண்டிருப்பது பாதியில் அறுகிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை, தலையங்கத்தின் நடுவில் "மறுபடியும் உள்நுழையவும்" என்று வந்தால் என்ன செய்வாள்? போன் போட்டு என்னைத்தான் திட்டுவாள். பிறகு அவள் தோழி வாட்ஸப்பில் அனுப்பும் பிடிஎஃப்பைப் படிப்பாள். அது தப்பு என்று அவளிடம் சொல்லிவிட்டேன். 2020-ல் தைனிக் ஜாக்ரன் என்ற இந்திப் பேப்பர் போட்ட வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் டெலிகிராமுக்கே உத்தரவு போட்டது, இப்படி இ-பேப்பரைச் சுற்ற விட்டதற்காக. அதற்கு மகள், "அப்ப உங்க லாகினை ஒழுங்கா வேலை செய்யச் சொல்லுங்கப்பா" என்றாள். பதில் இல்லை.

வைத்துக்கொள்ளவும் முடியாது. சந்தா முடிந்த மறுநாள் நான் காசு கொடுத்துப் படித்த லைட்டர் கட்டுரையும் நாலாவது பத்தியில் மங்கிவிடும். வாசலில் போட்ட பேப்பரை மறுநாள் வந்து எந்த அண்ணாச்சியும் திருப்பி வாங்கிக்கொண்டு போனதில்லை. 2025 பிப்ரவரியில் ஒரு கார்ட்டூனுக்காக விகடன் இணையதளம் முடக்கப்பட்டபோதுதான் இது எனக்கு நன்றாக உறைத்தது. உயர் நீதிமன்றம் சொல்லித் திரும்ப வந்தது, அது வேறு விஷயம். அச்சான இதழ் என்றால் பரணில் கிடந்திருக்கும், யாரும் தொட்டிருக்க முடியாது.

எல்லாவற்றையும் விட எனக்குக் கோபம் வந்தது நிறுத்தப் போனபோது. எங்கள் லைனில் நிறுத்துவது எப்படித் தெரியுமா? வாசலில் கோலம் போட்டுக்கொண்டே, "தம்பி, ஊருக்குப் போறோம், பத்து நாளைக்குப் போடாதே" என்பார்கள். அந்தப் பத்து நாள் மாசக் கணக்கில் கழிந்துவிடும். இங்கே? போன வாரம் மின்னஞ்சல் வந்தது: அடுத்த வருடம் 2,499 ரூபாய், தானாகவே எடுத்துக்கொள்வோம். 999 அறிமுக விலையாம். அதை வாங்கும்போது கடுகு எழுத்தில் சொல்லியிருக்கிறார்கள். சரி, நிறுத்திவிடலாம் என்று பார்த்தால் கணக்குப் பக்கத்தில் பெயர் மாற்ற, போட்டோ மாற்ற, மேல்வகைச் சந்தாவுக்குப் போக எல்லாம் பொத்தான் இருக்கிறது. நிறுத்த மட்டும் இல்லை. பத்து மணியிலிருந்து ஐந்து மணிக்குள் போன் செய்ய வேண்டும். செய்தேன். இசை. மறுபடியும் இசை. பிறகு எடுத்த பெண், "ஏன் சார் நிறுத்துறீங்க, 1,799-க்குத் தரட்டுமா?" என்றாள். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன், நானும் மாசக் காசு வாங்க வாசலில் நின்றவன்தான். ஆனால் சேர்வதற்கு அரை நிமிஷம், விலகுவதற்கு அரை நாள் என்று வைத்திருப்பது வியாபாரமே இல்லை. 2023 நவம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலில் பதின்மூன்று ஏமாற்று வித்தைகளைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். சந்தாவில் சிக்கவைப்பது அதில் ஒன்று.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். யுபிஐ ஆட்டோபே மூலம் கட்டியிருந்தால் பத்திரிகையிடம் கெஞ்ச வேண்டியதே இல்லை. உங்கள் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற இடத்துக்குப் போனால் யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று வரிசையாக இருக்கும். அதிலேயே ரத்து செய்துவிடலாம். எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. போகிற போக்கில், ஒரு ஓடிடிக்கும் இரண்டு வருடமாகக் கட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது.

நட்சத்திரம் போடச் சொன்னால் எழுத்துக்கு நாலு, அதை விற்கும் விதத்துக்கு ஒன்றரை. ஜெராக்ஸ் கடைக்காரன் 2,499 கொடுக்க முடியாது. 999-க்கு வருடா வருடம் நானே கையால் கட்டுகிறேன், தானாக எடுக்க வேண்டாம் என்றால் யோசிக்காமல் கட்டுவேன். மாதம் ஐம்பது ரூபாய்க்கு இருபது கட்டுரை, மச்சானுக்கு ரெண்டு அனுப்பிக்கொள்ளலாம் என்று கொடுத்தால் இன்னும் பத்துப் பேரை நானே சேர்த்துவிடுவேன், கமிஷன்கூட வேண்டாம்.

அப்புறம் வாத்தியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் பழைய லைனில் மூன்றாவது வீடு அவர். எண்பது வயதுக்கு மேல். மாசக் காசை முதல் தேதியே எண்ணி வைத்திருந்த இரண்டு மூன்று வீடுகளில் ஒன்று. அவர் வாங்கிக்கொண்டிருந்த ஆங்கிலப் பேப்பரைப் போட இப்போது அந்தத் தெருவுக்கு ஆள் இல்லை. அதனால் தினமும் பத்து மணிக்குக் கடைக்கு வருவார். "தம்பி, தலையங்கப் பக்கத்தை ஒரு பிரிண்ட் போடுங்க" என்பார். ஏ3 தாளில் போட்டுக் கொடுப்பேன், படிக்கும் அளவுக்கு எழுத்து பெரிதாக வரும். நேற்று விஷயத்தைச் சொன்னேன், இன்னும் பதினொரு நாளைக்குத்தான் சார் என்று. எவ்வளவு கேட்கிறார்கள் என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பையிலிருந்து ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்து, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒவ்வொன்றாகச் செருகினார். இரண்டு நோட்டு.

"1,799-க்குத் தர்றேன்னு அந்தப் பொண்ணு சொன்னதாச் சொன்னீங்கல்ல? என் பங்கு இது. மீதி உங்களது."

அவர்களுடைய விதிமுறைப்படி இது தப்பு, சார், ஒருத்தர் சந்தாவை இன்னொருத்தர் படிக்கக் கூடாது என்றேன். அவர் அன்றைய தலையங்கத்தை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். நோட்டு இரண்டும் கண்ணாடிக்கு அடியில்தான் இருக்கிறது. நாளைக்குப் பத்து மணிக்கு மேல் போன் போட வேண்டும்.