தடை போடுவதா, சொல்லிவிட்டுப் பயன்படுத்துவதா?

செயற்கை நுண்ணறிவு எழுதிய வரிகள் ஆய்வுக் கட்டுரையில் இருக்கவே கூடாது என்று 2023 ஜனவரியில் 'சயின்ஸ்' அறிவியல் இதழ் தடை போட்டது. அதே மாதம் இன்னொரு அறிவியல் இதழான 'நேச்சர்' வேறு வழியில் போனது: பயன்படுத்தலாம், ஆனால் ஆய்வுமுறைப் பகுதியிலோ நன்றியுரையிலோ அதைச் சொல்லிவிட வேண்டும். சாட்ஜிபிடியை ஆசிரியராகப் போடக்கூடாது என்பதில் மட்டும் இரண்டும் ஒன்றுபட்டன. தவறு நேர்ந்தால் அதனால் பொறுப்பேற்க முடியாதே.

தடை கேட்கத் தெளிவாக இருக்கிறது. சரி, மீறியவரை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டறியும் கருவிகளை நம்பினால் அநியாயம்தான் நடக்கும். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்குத் தாங்களே எழுதிய கட்டுரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை அக்கருவிகள் இயந்திரத்தின் எழுத்து என்று தவறாகக் குறித்ததை, 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். நல்ல ஆய்வு செய்து, மொழிக்கு மட்டும் உதவி தேடுபவரைத் தண்டிக்கும் விதியை என்னால் ஏற்க முடியவில்லை.

அதனால் எனக்கு இரண்டாவது வழியே சரி. 'சயின்ஸ்' இதழும் 2023 நவம்பரில் அந்தப் பக்கம் வந்துவிட்டது. ஆனால் "கருவியின் உதவி பெற்றோம்" என்ற ஒற்றை வரி போதாது. எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, எதற்காக என்று எழுத வேண்டும். முக்கியமாக, மேற்கோள் காட்டிய ஒவ்வொரு கட்டுரையும் உண்மையில் இருக்கிறதா என்று ஆசிரியரே திறந்து பார்க்க வேண்டும். இல்லாத கட்டுரைகளை இக்கருவிகள் நம்பும்படி உருவாக்கித் தரும்.

ஓரிடத்தில் மட்டும் நான் தடையின் பக்கம்: சக ஆய்வாளர் மதிப்பீடு, அதாவது வெளியிடும் முன் கட்டுரையை அதே துறை ஆய்வாளர்கள் படித்து மதிப்பிடுவது. வெளிவராத கையெழுத்துப்படியைப் பொதுக் கருவியில் ஏற்றினால், நம்பி ஒப்படைத்தவரின் ரகசியம் அங்கேயே போய்விடுகிறது.