ஐயெல்ட்ஸ் லிசனிங்: பதினொரு மாதம் காதைப் பழக்கின கதை

ஐயெல்ட்ஸ் என்கிற ஆங்கிலப் பரீட்சையை முதல் தடவை எழுதியபோது, லிசனிங்கில், அதாவது கேட்டலில், எனக்கு வந்தது ஒன்பதுக்கு 5.5. வாசிப்பு, எழுத்து, பேச்சு என்ற மற்ற மூன்றையும் விடக் குறைவு. வேண்டியிருந்ததோ ஒவ்வொன்றிலும் 6.5. "கேக்கிறதுதானே, அதில என்ன கஷ்டம்?" என்றார் அம்மா. பதினொரு மாதம் கழித்துத் திரும்ப எழுதி 7.5 எடுத்தேன். இடைப்பட்ட காலத்தில் திருகோணமலையில் வீட்டில் இருந்தபடியே செய்த பயிற்சியில் எது உதவியது, எது வீண் மினக்கேடு என்று எழுதி வைக்கிறேன்.

பரீட்சை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒலிப்பதிவு ஏறத்தாழ அரை மணித்தியாலம். நான்கு பகுதி, பகுதிக்குப் பத்துப்படி 40 கேள்வி. ஒரே ஒரு தடவைதான் ஓடும். முதலாவதில் இரண்டு பேர் வாடகை வீடு, வகுப்பில் சேருவது என்று ஏதாவது கதைப்பார்கள். இரண்டாவதில் ஒருவர் தனியே ஒரு இடத்தையோ சேவையையோ விளக்குவார். மூன்றாவது படிப்புச் சம்பந்தமான உரையாடல். நான்காவது விரிவுரை. சராசரியாக 23 சரி என்றால் 6, 30 என்றால் 7, 35 என்றால் 8.

முதல் நான்கு மாதம் நான் செய்தது எல்லாரும் செய்வதுதான். கேம்பிரிட்ஜ் பயிற்சிப் புத்தகங்களைப் போட்டோக்கொப்பி எடுத்து, மூன்று நாளைக்கு ஒரு டெஸ்ட். திருத்துவேன், புள்ளியைப் போட்டு வட்டம் கீறுவேன், கொப்பியை மூடுவேன். 21, 24, 22, 25, திரும்ப 22. காய்ச்சல்காரருக்குத் தேர்மோமீற்றரை மாறி மாறி வைத்தால் காய்ச்சல் இறங்குமா? அதைத்தான் நான்கு மாதம் செய்திருக்கிறேன். போதாததற்கு, அந்தப் போட்டோக்கொப்பியில் வரைபடக் கேள்விகளில் இடங்களுக்குப் போட்டிருக்கும் ஆங்கில எழுத்துகளில் எது 'சி', எது 'ஜி' என்றே தெரியாது.

பிறகு ஒரு நாள் பிழைத்த விடைகளை மட்டும் ஒரு கொப்பியில் எழுதி, ஏன் பிழைத்தது என்று பக்கத்தில் குறித்தேன். அன்றைக்குத்தான் கண் திறந்தது. சொல் தெரியாமல் விட்டவை மிகக் கொஞ்சம். பெரிய குவியல் 'எஸ்' விட்டவை. 'டிக்கெட்ஸ்' என்று வரவேண்டிய இடத்தில் 'டிக்கெட்'. நாங்கள் கடையில் "ரெண்டு மாம்பழம் தாங்கோ" என்றுதான் கேட்கிறோம். இரண்டு என்று சொன்னபிறகு எதற்கு 'கள்'? அந்தப் பழக்கத்தில் வளர்ந்த காது, சொல்லின் கடைசியில் வரும் அந்தச் சின்னச் சீறலைத் தேவையில்லை என்று தள்ளிவிடுகிறது. இறந்தகாலத்துக்கு வரும் 'டி'யும் அப்படித்தான். பரீட்சையில் அதற்கு இரக்கம் கிடையாது. 'எஸ்' இல்லையென்றால் பிழை, எழுத்துப் பிழை என்றாலும் பிழை, ஒரு சொல் எழுதச் சொன்ன இடத்தில் இரண்டு சொல் எழுதினாலும் பிழை.

அடுத்த குவியல், எழுத்துக்கூட்டிச் சொல்லும் பெயர்கள். பேசுகிறவர்களில் பிரித்தானியர், அமெரிக்கர், அவுஸ்திரேலியர், நியூசிலாந்துக்காரர் எல்லாரும் வருவார்கள். அவுஸ்திரேலியர் சிலர் 'ஏ' என்று சொன்னால் என் காதுக்கு 'ஐ' என்றே விழுந்தது. உப்புவெளியில் விருந்தினர் விடுதியில் வேலை செய்யும் மச்சானிடம் சொன்னேன். அவன் சிரித்தான். "'டுடை' எண்டா 'டுடே'. வந்த முதல் கிழமை, இவையள் ஏன் சாகிறதப் பற்றியே கதைக்கினம் எண்டு நானும் யோசிச்சனான்."

மூன்றாவது குவியல் பொறி. பேசுகிறவர் செவ்வாய் என்பார், கொஞ்சம் பொறுத்து 'இல்லை, அன்றைக்கு முடியாது, வியாழன் பார்ப்போம்' என்பார். நான் செவ்வாயை எழுதிவிட்டு நிமிர்ந்திருப்பேன். இதற்கு எனக்கு உதவியது மீன் வாங்கின அனுபவம். மீன்காரர் முதலில் சொன்ன விலையை யாராவது கணக்கில் எடுக்கிறோமா? பேரம் முடிந்து பையில் போடும்போது சொல்வதுதான் விலை.

ஐந்தாம் மாதத்திலிருந்து டெஸ்டை மாதத்துக்கு இரண்டாகக் குறைத்துவிட்டு, தினமும் ஒரே ஒரு நிமிட ஒலியை எடுத்து, நிறுத்தி நிறுத்தி ஒரு சொல் விடாமல் எழுதத் தொடங்கினேன். சொல்வதெழுதுதல்தான், மூன்றாம் வகுப்பில் செய்தது. பிபிசியின் ஆறு நிமிட ஆங்கில நிகழ்ச்சி இதற்கு நல்லது. எழுத்துவடிவம் அவர்களின் தளத்திலேயே இருக்கும். கேம்பிரிட்ஜ் புத்தகங்களின் பின்பக்கத்திலும் ஒலிப்பதிவின் எழுத்துவடிவம் இருக்கிறது, நான்கு மாதமாக நான் திருப்பிப் பார்க்காத பக்கங்கள். முதல் நாள் ஒரு நிமிடத்துக்கு நாற்பது நிமிடம் போனது. "ஷுடவ்பின்" என்று ஒன்று வந்தது. ஒன்பது தரம் போட்டுக் கேட்டேன், ஏதோ ஊரின் பெயர் என்று நினைத்தேன். எழுத்துவடிவத்தைப் பார்த்தால் 'ஷுட் ஹேவ் பீன்'. மூன்று சொல்லும் எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்து தெரியும். ஒட்டிக்கொண்டு வந்தால்தான் ஆளை அடையாளம் தெரியவில்லை. 'ஆன் அவர் அன்ட் எ ஹாஃப்' இன்னொன்று, "அனவரனஹாஃப்" என்று ஒரே மூச்சில் போய்விடும். இப்படிப்பட்டவைக்குக் கொப்பியில் தனிப் பக்கம் ஒதுக்கினேன். மூன்று மாதத்தில் அதே ஒரு நிமிடத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் போதுமாக இருந்தது. டெஸ்ட் புள்ளி 29, 31 என்று ஏறியதும் அந்த மாதங்களில்தான்.

நான் நிறுத்தி நிறுத்திக் கேட்பது அப்பாவுக்குப் பிடிக்காது. அவர் பிபிசி தமிழோசை கேட்டு வளர்ந்த தலைமுறை. சண்டைக் காலத்தில் சிற்றலை றேடியோவைக் காதோடு அணைத்துக்கொண்டு, இரைச்சலுக்குள்ளால் ஒரு தரம் கேட்ட செய்தியை அடுத்த நாள் காலை வேலிக்கு இங்கால் நின்று அயலுக்கு முழுதாக ஒப்புவிப்பார். 2017 இல் அந்தச் சிற்றலை ஒலிபரப்பு நின்றபோது சாப்பாடு இறங்காமல் இருந்தார். "பிள்ளை, ஒவ்வொரு சொல்லா எழுதினா ஆள் என்ன சொல்லுறார் எண்டு எப்ப கேக்கிறது?" என்றார் ஒரு நாள். நான்காவது பகுதியில் நான் விழுவது அதனால்தான். ஒரு விடை தப்பினால் அதையே தேடிக்கொண்டு நிற்பேன், அதற்குள் விரிவுரை மூன்று கேள்வி தாண்டிவிடும். அதற்குப் பிறகு காலையில் சொல்வதெழுதுதல், இரவில் பேனையே தொடாமல் ஆறு நிமிடமும் ஒரு தரம் கேட்டு அப்பாவுக்குத் தமிழில் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். அவர் விடமாட்டார், "ஏனாம்?" என்று குறுக்குக் கேள்வி கேட்பார்.

வரைபடக் கேள்விக்குத் தம்பியைப் பிடித்தேன். பிரெட்ரிக் கோட்டை வாசலில் தொடங்கி, மான்கள் நிற்கிற இடம் தாண்டி, கோணேசர் கோயில் வரைக்கும் ஆங்கிலத்தில் வழி சொல்லிப் போனில் பதிந்து தந்தான். 'எதிர்ப்பக்கம்', 'சற்று அப்பால்', 'வளைவுக்கு முன்' என்பதெல்லாம் தெரிந்த இடத்தில் கேட்டுப் பழகியதால், தெரியாத வரைபடத்திலும் தடுமாறவில்லை.

வேகத்தை 0.75 ஆகக் குறைத்துக் கேட்பதை விட்டுவிடுங்கள். பரீட்சையில் அந்தப் பொத்தான் இல்லை. சப்டைட்டிலோடு படம் பார்ப்பதும் பயிற்சியில் சேராது, கண் வாசிக்கும், காது நித்திரை கொள்ளும். ஹெட்போன் விலையைப் பற்றியும் கவலைப்படாதீர்கள். நான் பாவித்தது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வாங்கின வயர் இயர்போன். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கூரைத் தகரம் படபடக்க, வாசலில் தென்னோலை அடிக்க, அதோடுதான் கேட்டேன். அப்போது எரிச்சலாக இருந்தது. பரீட்சையன்று பின்னால் ஒருவர் விடாமல் இருமினார், எனக்கு அது உறைக்கவேயில்லை.

முதல் தடவை இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், ஏசிக் குளிரில் காது அடைத்து, முகம் கழுவிவிட்டு நேரே மண்டபத்துக்குள் போனேன். அந்த 5.5 இல் பஸ்ஸுக்கும் பங்குண்டு. இரண்டாந்தரம் முதல் நாளே போய் வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் தங்கினேன். அப்போது கடதாசியில் எழுதினால் விடைகளைப் பெயர்த்தெழுதப் பத்து நிமிடம் தருவார்கள். கணினியில் சரிபார்க்க இரண்டு நிமிடம்தான். கணினியைத்தான் எடுத்தேன், கேட்கும்போதே தட்டிவிடலாம், என் கையெழுத்துக்கும் அதுதான் நல்லது.

இப்போது தம்பி தொடங்கியிருக்கிறான். பிழைகள் எழுதின கொப்பியைக் கேட்டான், தரமாட்டேன் என்றேன், அவனுடைய பிழை வேறு. போட்டோக்கொப்பிப் புத்தகத்தைக் கொடுத்தேன், 'சி'யையும் 'ஜி'யையும் சிவப்புப் பேனையால் திருத்தி.