பழைய டீசல் பிக்கப்: இரண்டு வருட ஸ்டார்ட்டிங் ட்ரபிள்

என்னிடம் இருப்பது 2008 மாடல் டீசல் பிக்கப். 2013இல் செகண்ட் ஹாண்டாக வாங்கினேன். கோத்தகிரியில் இருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு ஏற்றிப் போவதுதான் அதன் பிழைப்பு, என் பிழைப்பும். மீட்டர் 3 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இழுவையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சென்சார், கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத பழைய மெக்கானிக்கல் பம்ப் எஞ்சின், ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த யாரும் கை வைக்கலாம். ஆனால் 2019 கடைசியில் இருந்து இரண்டு வருடம் அது படுத்திய பாடு கொஞ்சநஞ்சம் இல்லை.

தொல்லை இரண்டு. விடியற்காலை 4 மணிக்கு செல்ஃப் அடித்தால் எஞ்சின் ஜோராகச் சுற்றும், பிடிக்காது. இன்னொன்று, மண்டியில் சரக்கை இறக்கிவிட்டு மலை ஏறும்போது வருவது. ஒரு மணி நேரம் போனதும் இழுவை செத்து, எஞ்சின் தானாக ஆஃப் ஆகிவிடும். கொண்டை ஊசி வளைவில் பின்னால் நாலு பஸ் ஹாரன் அடிக்க நின்றிருக்கிறேன். பத்து நிமிடம் கழித்து சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும்.

முதலில் பேட்டரி மாற்றினேன். அப்புறம், குளிரில் ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடாக்கும் நாலு ஹீட்டர் பிளக். அப்புறம் ஒரு பட்டறையில் எஞ்சினுக்கு டீசல் அடிக்கும் பம்பையே கழற்றி, கலிபரேஷன், டீசலைப் பீச்சும் புது நாசில் என்று 18,000 ரூபாய். எள்ளளவும் வித்தியாசம் இல்லை. இப்போது யோசித்தால் கோபம் என் மேல்தான் வருகிறது. செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் துளிப் புகை இல்லை. டீசல் எஞ்சினில் அது பெரிய துப்பு. வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று ஹீட்டர் பிளக்கையோ கம்ப்ரஷனையோ (சிலிண்டர் காற்றை அழுத்தும் சக்தி) சந்தேகப்படலாம். புகையே இல்லையென்றால் டீசலே போய்ச் சேரவில்லை. பேட்டரிக்கு இதில் வேலையே கிடையாது.

வழி காட்டியது பக்கத்து வீட்டுக் கல்யாணப் பந்தல். எங்கள் வாசல் சரிவு, வழக்கமாக மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்துவேன். பந்தல் போட்டிருந்ததால் அன்று திருப்பி, மூக்கு பள்ளத்தில் இருக்க நிறுத்தினேன். காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட்! டேங்க் பின்னால் இருக்கிறது. மூக்கு மேலே இருந்தால் ராத்திரி முழுக்க லைனில் இருக்கும் டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. அது இறங்க வேண்டுமானால் எங்கேயோ காற்று நுழைய வேண்டும்.

ஹார்டுவேர் கடையில் ஒரு மீட்டர், உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் டியூப் வாங்கி, டேங்கில் இருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கு முன்னால் லைனில் சேர்த்தேன். எஞ்சின் ஓட ஓட, சோடா மாதிரி குமிழ் குமிழாக ஓடியது. மறுநாள் டேங்க் லைனைக் கழற்றிவிட்டு, எஞ்சின் பக்கத்தில் கட்டிய ஒரு கேனில் இருந்து டீசல் கொடுத்தேன். குமிழ் இல்லை, மறுநாள் காலையும் உடனே பிடித்தது. ஆக, குற்றவாளி டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில். சேஸிஸ் ஓரத்தில் ஒரு ரப்பர் டியூப், கிளாம்ப்புக்கு அடியில் வெடித்திருந்தது. இதை ஏன் யாரும் பார்க்கவில்லை என்றால், அங்கே ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. ஃபீட் பம்பைத் தாண்டி எஞ்சின் பக்கம் லீக் ஆனால் டீசல் வெளியே கசியும். டேங்க் பக்கம் உறிஞ்சும் லைன், அதனால் காற்றுதான் உள்ளே போகும். நாங்கள் எல்லோரும் ஈரத்தையே தேடிக்கொண்டிருந்தோம்.

டியூப், கிளாம்ப், செப்பு வாஷர் எல்லாம் சேர்த்து 150 ரூபாய்க்குள். காலைத் தொல்லை ஒழிந்தது. ஆனால் மலையில் நிற்பது இன்னும் மோசமானது! முன்பு ஒரு மணி நேரம் தாங்கியது, இப்போது முக்கால் மணியில் ஆஃப். ஒரு நாள் ஓரமாக நின்றபோது அந்த வழியாக வந்த லாரி டிரைவர் ஒருவர், "அண்ணே, டேங்க் மூடியைத் திறந்து பாருங்க" என்றார். திறந்தேன். புஸ்ஸ் என்று காற்றை இழுத்தது.

டீசல் திருடுகிறார்கள் என்று 2019இல் ரோட்டோரக் கடையில் பூட்டு மூடி ஒன்று வாங்கி மாட்டியிருந்தேன். அதில் காற்றுத் துளை கிடையாது. டீசல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் கூடி, ஃபீட் பம்ப் இழுக்க முடியாமல் தோற்றுவிடும். பழைய டியூப் வெடிப்பு வழியாகக் கொஞ்சம் காற்று நுழைந்ததால்தான் முன்பு கூடுதலாகத் தாங்கியிருக்கிறது. அதை அடைத்ததும் வெற்றிடம் சீக்கிரம் கூடிவிட்டது. ராத்திரியில் லைன் டீசலை டேங்குக்கு இழுத்ததிலும் அந்த மூடிக்குப் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

துளை உள்ள மூடி போட்டு இப்போது மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. மலையில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. வருடம் ஒருமுறை ரப்பர் டியூப்களை மாற்றிவிடுகிறேன், டீசல் ஃபில்டர் 10,000 கிலோமீட்டருக்கு ஒன்று. செகண்ட் கியர் இப்போது கரகரக்கிறது, அது தனிக் கதை. காலையில் சாவியைத் தொடுமுன் கை பிரைமரை, அதாவது கையால் அழுத்தி லைனில் டீசல் ஏற்றும் சின்ன பம்பை, ஒரு அழுத்து அழுத்திப் பார்க்கும் பழக்கம் மட்டும் விடவில்லை. கல் மாதிரி இருந்தால் லைனில் காற்று இல்லை, ஏறி உட்கார்ந்துவிடுவேன்.