கணவர் ராணுவப் பணியில், வீடு ஏலத்தில்: 'உதவ' வந்தவரிடம் 1,950 டாலர் ஏமாந்த கதை

டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் இருக்கிறோம். கணவருக்கு ஐ.டி. வேலை, கூடவே 2019 முதல் அமெரிக்க ராணுவ ரிசர்விலும் (தேவைப்படும்போது முழுநேரப் பணிக்கு அழைக்கப்படும் படை) இருக்கிறார். 2023-ல் 7.25 சதவீத வட்டிக்குக் கடன் எடுத்து வீடு வாங்கினோம். அடுத்த ஆண்டுக் கடைசியில் அழைப்பு வந்து குவைத் போனார். ராணுவச் சம்பளம் ஐ.டி. சம்பளத்தில் பாதிகூட இல்லை. ஜனவரியில் என் வேலையும் போக, பிப்ரவரியிலிருந்து தவணை நின்றது.

ஜூலையில் ஏல நோட்டீஸ் வந்தது. டெக்சாஸில் பெரும்பாலும் வங்கி கோர்ட்டுக்குப் போகாமலேயே வீட்டை ஏலம் விடலாம். 21 நாள் முன்னால் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை விற்றுவிடுவார்கள். அந்த நோட்டீஸ் கவுன்ட்டியில் (மாவட்ட அலுவலகத்தில்) பொதுப் பதிவு, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 'உதவுகிறேன்' என்று ஒருவர் போன் செய்தார். அதில் தமிழ்ப் பெயரைப் பார்த்துத்தான் செய்திருக்க வேண்டும்.

"சிஸ்டர், டென்ஷன் ஆகாதீங்க. நம்ம ஆளுங்களுக்குன்னே இதைச் செய்யறேன்" என்றார். ராணுவக் குடும்பங்களுக்கான 'ஸ்பெஷல் ஃபைலிங்'குக்கு 1,950 டாலர், முன்பணம். வங்கிக்கு நீங்களாக எதுவும் எழுதிவிடாதீர்கள், கணவர் டியூட்டியில் இருப்பது தெரிந்தால் அவருடைய செக்யூரிட்டி கிளியரன்ஸுக்கே (ரகசியத் தகவல்களைக் கையாளும் அனுமதி) ஆபத்து என்று பயமுறுத்தினார். இந்த ஒரு வரியில்தான் நான் விழுந்தேன். பணம் அனுப்பினேன்.

அப்புறம் அவரிடமிருந்து வந்தது ஒரு பத்திரம். வீட்டைத் 'தற்காலிகமாக' அவர் கம்பெனி பெயருக்கு மாற்ற வேண்டுமாம். அதில் கணவர் கையெழுத்தும் தேவைப்பட்டதால் குவைத்துக்கு அனுப்பினேன். அன்றிரவே கணவர் கூப்பிட்டார். "எதிலயும் கையெழுத்து போடாத. நாளைக்கே ஃபோர்ட் சாம் ஹூஸ்டன் லீகல் ஆபீஸுக்குப் போ."

அது இங்குள்ள ராணுவத் தளம். போனேன். ராணுவ வக்கீல் முதலில் அந்த ஏல நோட்டீஸைத்தான் கேட்டார். அதிலேயே தடித்த எழுத்தில் இருந்தது: நீங்களோ உங்கள் துணையோ ராணுவப் பணியில் இருந்தால் உடனே எழுத்தில் தெரிவியுங்கள் என்று. டெக்சாஸ் சட்டப்படி எல்லா ஏல நோட்டீஸிலும் அது இருந்தாக வேண்டுமாம். எதைச் செய்யக் கூடாது என்று சொல்ல அந்த ஆள் 1,950 டாலர் வாங்கினாரோ, அதைத்தான் செய்யச் சொல்லி நோட்டீஸே கெஞ்சிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையை விட எரிச்சல்தான் வந்தது.

ராணுவப் பணியில் இருப்பவர்களைப் பாதுகாக்க எஸ்.சி.ஆர்.ஏ. என்று 2003-ல் வந்த மத்திய அரசுச் சட்டம் ஒன்று இருக்கிறது. முழுநேர ராணுவப் பணி தொடங்கும் முன் எடுத்த வீட்டுக்கடன் என்றால், பணிக்காலத்திலும் அது முடிந்து ஓராண்டு வரையிலும் கோர்ட் உத்தரவில்லாமல் வீட்டை ஏலம் விட முடியாது. டெக்சாஸ் மாதிரி கோர்ட்டே தேவைப்படாத மாநிலத்திலும் இதுதான். தெரிந்தே மீறினால் ஓராண்டு வரை சிறை. வட்டியும் 6 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. எங்களுக்கு அந்த வித்தியாசம் மாதம் 250 டாலருக்குப் பக்கம். அந்த மிச்ச வட்டி தள்ளுபடிதான், பின்னால் சேர்த்து வாங்க முடியாது. ஆனால் வட்டிச் சலுகை தானாக வராது. எழுத்தில் கேட்டு, பணி உத்தரவின் நகலையும் அனுப்ப வேண்டும். பணி முடிந்த 180 நாளுக்குள் கேட்டால்கூடச் செல்லும். சலுகை கேட்டதையே காரணமாக்கி கடன் மதிப்பெண்ணைக் கெடுக்கவும் கூடாது.

வங்கியும் லேசுப்பட்டதில்லை. கடிதம் போனதும் போனில் வந்த பெண், "அவர் 2019-லேயே ராணுவத்தில் சேர்ந்துவிட்டாரே, கடன் 2023 தானே, உங்களுக்குப் பொருந்தாது" என்றார். ரிசர்வில் இருப்பவருக்குச் சேர்ந்த தேதி கணக்கில்லை, பணிக்கு அழைக்கப்பட்ட தேதிதான் கணக்கு. வக்கீல் அதையும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிய பிறகுதான் ஏலத்தை நிறுத்தினார்கள். முழுநேரப் பணியில் சேர்ந்த பிறகு வீடு வாங்கியவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. பாக்கித் தவணையும் மாயமாகிவிடாது. நாங்கள் இன்னும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

லீகல் ஆபீஸில் எனக்கு ஒரு சென்ட்கூடச் செலவில்லை. வீட்டுக்கடன் சிக்கலைத் தீர்த்துத் தருகிறேன் என்பவர், வங்கி எழுத்தில் தந்த ஏற்பாட்டை நாம் ஏற்றுக்கொள்ளும் முன் பணமே வாங்கக் கூடாது என்று மத்திய விதியே இருப்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். புகார் கொடுத்திருக்கிறேன். பணம் வரவில்லை.

தீபாவளிக்கு அந்த ஆளிடமிருந்து வாட்ஸ்அப்பில் வாழ்த்து வந்தது, கூடவே 'ரெஃபரல் ஆஃபர்' என்று ஒரு படமும்.