மார்க் குறைந்தவர்களுக்கு டி.என்.இ.ஏ. கவுன்சலிங் எப்படி?

டி.என்.இ.ஏ. என்பது தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கை. கிண்டி தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் இந்த ஆன்லைன் கவுன்சலிங்கில் சீட் வாங்குவது கஷ்டமே இல்லை. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. எந்தக் கல்லூரியில் மாட்டிக்கொள்கிறோம் என்பதுதான் பிரச்சினை.

தரவரிசைக்கான கட்-ஆஃப் மதிப்பெண் 200-க்கு: கணிதம் அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதிப்பாதி. 45, 38, 40 எடுத்தவருக்கு 84. தகுதிக்கு இந்த எண் உதவாது. மூன்று பாடங்களின் சராசரியைத்தான் பார்ப்பார்கள். மேலே சொன்னவரின் சராசரி 41. பொதுப்பிரிவுக்கு 45% வேண்டும் என்பதால் அங்கே தகுதி இல்லை, பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. என்றால் 40% போதும். சாதிச் சான்றிதழை இழுத்தடித்துப் பதிவேற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விரும்பும் கல்லூரிகளை வரிசையாகப் போடும் சாய்ஸ் ஃபில்லிங் பகுதிக்குத் தாராளமாக முழு மதிப்பெண் தரலாம். எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம், காசும் கிடையாது. ஆனாலும் பத்துப் பதினைந்தோடு நிறுத்திவிட்டு, எதுவும் ஒதுக்கப்படாமல் துணைக் கவுன்சலிங்குக்குப் போகிறவர்கள் நிறைய. வரிசையும் முக்கியம். மென்பொருள் மேலிருந்து கீழே வரும், காலி உள்ள முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். "இதுதான் நமக்குக் கிடைக்கும்" என்று சுமாரான கல்லூரியை முதலில் போட்டால், கீழே இருக்கும் நல்லதை அது பார்க்கவே பார்க்காது. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறித்த நேரத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் அந்த இடமும் போச்சு.

தளத்தின் குறை: முந்தைய ஆண்டுகளின் கட்-ஆஃப் கிடைக்கிறது, கல்லூரியின் தரம் தெரியாது. அதற்கு அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் செமஸ்டர் வாரியான தேர்ச்சி விகிதத்தைத் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்துவதால், அவற்றை இந்தப் பட்டியலை வைத்து எடைபோட முடியாது. ஸ்ரீபெரும்புதூர், ஓ.எம்.ஆர். பக்கம் என்றால் பஸ் கட்டணத்தையும் முன்கூட்டியே கேளுங்கள். "சீட் ரெடி" என்று போனில் அழைக்கும் ஏஜெண்டுகளிடம் கேட்காதீர்கள். அவர்களுக்குக் கமிஷன் வரும் கல்லூரிதான் நல்ல கல்லூரி.

கணிதத்தில் தட்டுத்தடுமாறி 40 எடுத்தவருக்கு இந்தக் கவுன்சலிங்கையே பரிந்துரைக்கத் தயக்கமாக இருக்கிறது. முதல் செமஸ்டர் கணிதத்திலேயே அரியர் விழும். தரமணி மத்திய பாலிடெக்னிக் போன்ற இடங்களில் பிளஸ் டூ முடித்தவர்கள் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். அது 2 ஆண்டு, பிறகு லேட்டரல் என்ட்ரியில் (நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்வது) பி.இ. 3 ஆண்டு, கூடுதலாகப் போவது ஓராண்டுதான். லேட்டரல் என்ட்ரி கவுன்சலிங்குக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ரேங்க் டிப்ளமோ மார்க்கில்தான். ஆனால் பி.இ. முதலாண்டுக் கணிதத்தைப் படிக்காமலே மூன்றாம் செமஸ்டர் கணிதத்தில் போய் உட்கார வேண்டிவரும். டிப்ளமோ முடித்த விடுமுறையிலேயே தொகையீடு, வகையீடு இரண்டையும் ஒரு சுற்று போட்டுவிடுங்கள்.