கிருஷ்ணகிரி உலக விவகார சொற்பொழிவு: கண்டிப்பா போங்க

நம்ம ஊர்ல மாசாமாசம் ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வெளியுறவு பத்தி பேச்சு நடக்குது, ஃப்ரீ தான், யாரு வேணா போலாம். போன தடவ செங்கடல் பிரச்சன. 2023 நவம்பர்லேர்ந்து ஹூதிங்க (ஏமன் நாட்டு ஆயுதக் குழு) அந்தப் பக்கம் போற கப்பல அடிக்க ஆரம்பிச்சதும் பெரிய கப்பல் கம்பெனிங்க சூயஸ் கால்வாய விட்டுட்டு ஆப்பிரிக்காவ சுத்தி ஐரோப்பாவுக்குப் போனாங்க, பத்து நாளுக்கு மேல கூடுதல், கண்டெய்னர் வாடகையும் ஏறிச்சு, நம்ம மாங்கூழ் ஃபேக்டரி சரக்கும் கப்பல்ல தான போவுது, அத வச்சே பேச வந்தவரு மேப் போட்டு வெளக்குனாரு பாருங்க, மாந்தோப்பு வச்சிருக்கவங்க அசையாம உக்காந்து கேட்டாங்க.

அதுக்கு முன்னாடி கச்சத்தீவு. 1974 ஒப்பந்தம் வேற, மீன்பிடிக்கிறத பத்தின 1976 கடிதப் பரிமாற்றம் வேறன்னு தெளிவா பிரிச்சுச் சொன்னாங்க, டிவி விவாதத்துல இந்த பொறுமையே கெடையாது. எந்த கட்சி பக்கமும் சாயல, எனக்கு ரொம்ப புடிச்சது அதான்.

மைக் சுமார், பின்னாடி உக்காந்தா பாதி கேக்காது. கேள்வி நேரத்துல சிலபேர் தனியா ஒரு சொற்பொழிவே பண்றாங்க, ஆளுக்கு ஒரு நிமிஷம்னு வச்சா நல்லாருக்கும். பொண்ணுங்க கூட்டம் கம்மி, நேரத்த காலைல மாத்துனா வருவாங்க. டிஎன்பிஎஸ்சி படிக்கிற பசங்க நோட்டோட போங்க.