ஒன்றரை லட்சம் கிலோமீட்டர்: மாற்றிய சென்சார்களும் மாற்றாமல் விட்டவையும்

என்னிடம் இருப்பது 2014 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். கோயம்புத்தூருக்குள் தினசரி ஓட்டம், வேலை விஷயமாகத் திருப்பூர், அவ்வப்போது ஊட்டி. ஓடோமீட்டர் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. இத்தனை ஓட்டத்தில் இன்ஜினில் மாற்றிய சென்சார்கள் இரண்டே இரண்டு: கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதை இசியூ என்ற கம்ப்யூட்டருக்குச் சொல்வது), முன்பக்க ஆக்சிஜன் சென்சார் (புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்ப்பது). "லட்சம் தாண்டிட்டா சென்சார் எல்லாத்தையும் மாத்திடறது நல்லது சார்" என்று சொன்னவர்கள் உண்டு. பெல்ட், பிளக்குக்கு இருப்பது மாதிரி சென்சாருக்குப் பொதுவான ஒரு கிலோமீட்டர் கணக்கு கிடையாது. பெரும்பாலானவற்றைப் பரிசோதித்துப் பார்த்தால் போதும்.

கிராங்க் சென்சார் மட்டும் விதிவிலக்கு, ஏனென்றால் வண்டியை நடுரோட்டில் நிறுத்துவது அதுதான். மற்ற பல சென்சார்கள் கெட்டால் இசியூ ஒரு தோராயமான மதிப்பை வைத்துக்கொண்டு எப்படியோ வீடு சேர்த்துவிடும். கிராங்க் சிக்னல் போனால் பெரும்பாலான வண்டிகளில் ஸ்பார்க்கும் வராது, இன்ஜெக்டரும் திறக்காது. என் வண்டியில் இது வந்தது சித்திரை வெயிலில், அவினாசி ரோடு டிராஃபிக்கில். ஊர்ந்துகொண்டிருந்த வண்டி ஆஃப் ஆனது. செல்ஃப் நன்றாகச் சுற்றியது, ஸ்டார்ட் ஆகவில்லை. பானெட்டைத் திறந்து அரை மணி நேரம் ஆறவிட்டதும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது. செக் இன்ஜின் லைட்கூட எரியவில்லை.

சூட்டில் நின்று, ஆறியதும் ஓடினால் சந்தேகம் இரண்டு பேர் மேல் வரும்: கிராங்க் சென்சார், பெட்ரோல் பம்ப். பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. வண்டி நின்றுபோன அந்த நேரத்திலேயே செல்ஃப் அடித்துக்கொண்டு ஸ்கேனரில் (இசியூவின் தகவலைப் படிக்கும் கருவி) ஆர்பிஎம் பார்க்க வேண்டும். இன்ஜின் சுற்றும்போதும் ஆர்பிஎம் பூஜ்யம் என்றே காட்டினால் கிராங்க் சிக்னல் வரவில்லை என்று அர்த்தம். அடுத்த முறை நின்றபோது எனக்கு அப்படித்தான் காட்டியது. ஒரே ஒரு போல்ட், ஒரு கப்ளர் (வயரைச் செருகும் இணைப்பு). வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. சில மாடல்களில் மாற்றியபின் ஸ்கேனர் வைத்து ரீ-லேர்ன் செய்ய (புது சென்சாரை இசியூவுக்குப் பழக்க) வேண்டும், அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. பழைய வண்டியில் அடிக்கடி வெளியூர் போகிறவர்கள் லட்சத்துக்கு மேல் இந்த ஒன்றை மட்டும் கெடுவதற்கு முன்பே மாற்றிவிடலாம் என்பேன். டோ டிரக் கூப்பிடும் செலவை நினைத்தால் அது பெரிய தொகை இல்லை.

ஆக்சிஜன் சென்சார் கதை வேறு. ஒருநாள் செக் இன்ஜின் லைட் எரிந்தது, கோடு (இசியூ பதிந்துவைக்கும் கோளாறு எண்) பி0171. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பதுதான் இந்தக் கோடு சொல்லும் சேதி. ஆக்சிஜன் சென்சார் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. ஆனால் முதலில் போன கடையில் சென்சாருக்குத்தான் விலை சொன்னார்கள். தலைவலிக்குத் தலையணையை மாற்றுகிற வைத்தியம். ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் ஃபியூயல் டிரிம் (இசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) பார்த்தபோது ஐடிலிங்கில் இருபதுக்கு மேல் பிளஸ்ஸில் நின்றது. ஆக்சிலரேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் ஐந்தாறு சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. ஐடிலிங்கில் மட்டும் மோசம் என்றால் பெரும்பாலும் எங்கேயோ காற்று உள்ளே இழுக்கிறது. தேடியதில் பிசிவி ஹோஸ் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் குழாய்) வளைவில் வெடித்திருந்தது. ஹோஸ் மாற்றினோம், கோடு போய்விட்டது.

அதே சென்சாரைப் பிற்பாடு ஒன்றேகால் லட்சத்தில் மாற்றினேன், வேறு காரணத்துக்காக. நல்ல நிலையில் இருக்கும் பழைய வகை சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே சளைக்காமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். என்னுடையது ஏறவும் இறங்கவும் நிதானம் பார்க்க ஆரம்பித்திருந்தது, மைலேஜும் மெல்ல விழுந்திருந்தது. இதற்குக் கோடு எதுவும் வரவில்லை. மாற்றியபின் மைலேஜ் ஓரளவு மீண்டது, அதிசயமெல்லாம் இல்லை. கழற்றும்போது இன்ஜின் லேசான சூட்டில் இருந்தால் திரெட் கெடாமல் வரும். ஆன்டி-சீஸ் பேஸ்ட்டைத் திரெட்டில் மட்டும் தடவ வேண்டும், நுனியில் படவே கூடாது. இன்ஜின் வேலையில் கண்ட சிலிகான் சீலன்டையும் பூசினால் அதன் ஆவியே இந்த சென்சாரைக் கெடுத்துவிடும்.

மற்றவற்றைப் பார்த்துக்கொள்வதற்குக் கடைக்குப் போக வேண்டாம், ஒரு புளூடூத் ஓபிடி அடாப்டரும் (வண்டியின் ஸ்கேனர் சாக்கெட்டில் செருகுவது) போனும் போதும். (அடாப்டரை வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள், நிறுத்தி வைத்திருக்கும் வண்டியின் பேட்டரியை அது தின்னும்.) இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் சாவி மட்டும் போட்டால் கூலண்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் கிட்டத்தட்ட ஒன்றாகக் காட்ட வேண்டும். பெரிய வித்தியாசம் இருந்தால் இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. கூலண்ட் சென்சார் குளிர்ச்சி என்று பொய் சொன்னால் இசியூ பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும்.

இன்டேக்கில் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரைச் சோதிக்க நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் போட்டால் அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். கோவையில் 96 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும். 2240 மீட்டர் உயரத்து ஊட்டியில் 77 பக்கம் வரும். என் வண்டியில் இரண்டு இடத்திலும் சரியாக வந்தது, அதைத் தொடவேயில்லை.

உண்மையில் எனக்கு அதிகம் வேலை வைத்தது சென்சார் இல்லை, அதற்குப் போகும் வயர். கப்ளர் பின்னில் பச்சை பூத்தது, லாக் உடைந்து ஆடியது, பிறகு எலி. ஒரு மழைக்காலத்தில் எலி கடித்த வயர் ஒன்று மிஸ்ஸிங் கொடுத்தபோது கோடு என்னவோ சென்சார் பெயரில்தான் வந்தது. வெறும் டேப் சுற்றினால் நிற்காது. சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் போட வேண்டும். பேட்டரி வயதாகிவிட்டாலோ, இன்ஜின் எர்த் வயர் தளர்ந்தாலோ சம்பந்தமில்லாத கோடுகள் ஒரே நேரத்தில் கூட்டமாக வரும். அப்போது ஸ்பேர்ஸ் கடைக்கு ஓடாமல் முதலில் எர்த்தைப் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை கப்ளர்களைக் கழற்றி கான்டாக்ட் கிளீனர் அடிப்பதுதான் நான் செய்யும் பராமரிப்பில் பாதி.

இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) பரவலான பிறகு என் வண்டியின் ஃபியூயல் டிரிம் சில சதவீதம் பிளஸ்ஸில் ஏறி நிற்கிறது. எத்தனாலுக்கு பெட்ரோலைவிடக் குறைவான காற்றே போதும் (ஒரு கிலோவுக்குச் சுமார் 9 கிலோ, பெட்ரோலுக்கு 14.7), அதனால் பழைய கணக்கில் ஊற்றும் எரிபொருள் போதாமல் இசியூ கூட்டிக்கொள்கிறது. இதைப் பார்த்து சென்சாரை மாற்றச் சொன்னால் நம்ப வேண்டாம்.

டூப்ளிகேட் விஷயத்தில் கறாராக இருங்கள். அசல் மாதிரியே பெட்டி, பாதி விலை என்று கிடைப்பது கிராங்க் சென்சாரிலும் ஆக்சிஜன் சென்சாரிலும் உண்டு. பழைய சென்சாரின் மேல் இருக்கும் பார்ட் நம்பரை போட்டோ எடுத்துக்கொண்டு போய் ஒப்பிட்டு, பில்லோடு வாங்குகிறேன்.

சைலன்சர் பக்கம் இருக்கும் பின் ஆக்சிஜன் சென்சார் இன்னும் கம்பெனியில் வந்ததேதான். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று கண்காணிப்பதுதான் அதன் முக்கிய வேலை. அதன் பெயரில் கோடு வரும்வரை அது அங்கேயே இருக்கட்டும்.